ஏர்வாடி, 2001: சங்கிலி பார்த்த இரவு டியூட்டி

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் விடிகாலை ஐந்து மணி வாக்கில் தீப் பிடித்தது. உள்ளே நாற்பத்தைந்து பேர் அளவில் படுத்திருந்தார்கள். பெரும்பாலோரைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். கட்டு தளர்வாக இருந்த சிலர் எப்படியோ காலை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மற்றவர்கள் படுத்த இடத்திலேயே கருகினார்கள். யார் யார் என்று உடலைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. முதலில் எண்ணியது 25 பேர். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 28. உச்ச நீதிமன்ற வழக்கின் தலைப்பு மட்டும் அந்த முதல் கணக்கோடு நின்றுவிட்டது. சட்டப் புத்தகங்களில் இன்றும் அது 'சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம்' என்றுதான் இருக்கிறது.

(திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி உண்டு. இது கீழக்கரைக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருக்கும் தர்கா ஏர்வாடி.)

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஒன்று, மூடநம்பிக்கை. இல்லையென்றால், உரிமம் இல்லாத விடுதி. இரண்டும் பொய் இல்லை. ஆனால் ஒரு முதியோர் இல்லத்தையோ மறுவாழ்வு இல்லத்தையோ பார்வையிட்டு, இது பாதுகாப்பானதா என்று முடிவு சொல்ல வேண்டியவருக்கு அந்த இரண்டாலும் பெரிய உதவி கிடையாது. நம்பிக்கை சம்பந்தமே இல்லாத, உரிமத்தை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்த இல்லங்களிலும் ஆட்கள் தீயில் செத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றையும் பின்னால் பார்க்கப் போகிறோம். ஏர்வாடியில் நான் பார்க்க விரும்புவது அந்தச் சங்கிலியை. அது அங்கே என்ன வேலை பார்த்தது என்பதை.

விடுதிகள் எப்படி முளைத்தன

ஏர்வாடி தர்காவில் அடங்கியிருப்பவர் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா. தர்காத் தண்ணீருக்கும், அங்கே எரியும் விளக்கின் எண்ணெய்க்கும் நோய் தீர்க்கும் சக்தி உண்டு, அதிலும் மனக்கோளாறுக்கு அது கைகண்ட மருந்து என்பது பல தலைமுறை நம்பிக்கை. இந்துக்களும் வருவார்கள், முஸ்லிம்களும் வருவார்கள், கேரளத்திலிருந்தும் வருவார்கள். வந்தவர்கள் கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்க வேண்டும். சிலருக்கு இரண்டு மாதத்தில் உத்தரவு வரும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வராது.

இதில் முக்கியமான விஷயம் அந்தத் தங்கல்தான். நோயாளியோடு கூட வந்த தம்பிக்கோ அம்மாவுக்கோ ஊரில் வேலை இருக்கிறது, வயல் இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எத்தனை மாதம் தர்கா வாசலில் படுத்துக் கிடப்பது? 'நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கிறோம்' என்று ஒருவர் சொன்னால் போதும், ஒரு தொழில் பிறந்துவிடும். ஏர்வாடி விடுதிகளில் பலவற்றை ஆரம்பித்தவர்கள், தங்கள் வீட்டு நோயாளியைக் குணப்படுத்த அங்கே வந்து தங்கிப்போனவர்கள்தான். குடும்பங்கள் பணம் கொடுத்தன, விடுதிகள் சோறு போட்டன. பகலில் நோயாளிகளை மரத்தில் தடித்த கயிற்றால் கட்டினார்கள். இரவில் இரும்புச் சங்கிலி. பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடியும் விழுந்தது.

குடும்பங்களைத் திட்டுவது சுலபம். அன்றைக்கு அவர்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று பார்த்தால் வாய் அடைத்துவிடும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6.2 கோடிப் பேர். அத்தனை பேருக்கும் அரசு நடத்திய மனநல மருத்துவமனை ஒன்றே ஒன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில். ஏர்வாடியிலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். 'கீழ்ப்பாக்கம்' என்ற பேச்சே கேலியாகிவிட்ட ஊரில், பிள்ளையை அங்கே சேர்த்தேன் என்று சொல்வதைவிட தர்காவுக்குக் கூட்டிப்போனேன் என்று சொல்வது கௌரவமாகவும் இருந்தது.

சட்டம் இருந்தது

சட்டமே இல்லாத காலத்தில் நடந்த விபரீதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1912-ஆம் ஆண்டின் பழைய பைத்தியக்காரர் சட்டத்தை எடுத்துவிட்டு, 1987-இல் மனநலச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 1-இல். உரிமம் இல்லாமல் யாரும் மனநல மருத்துவமனையோ மனநல நர்சிங் ஹோமோ நடத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. ஆய்வு அதிகாரிகளை நியமிக்கவும், அவர்கள் போய்ப் பார்க்கவும் வழி இருந்தது. தீப் பிடித்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது எட்டு.

அப்புறம் ஏன் ஏர்வாடிக்குப் போகவில்லை? அந்தச் சட்டம் மனதில் வைத்திருந்தது மருத்துவமனையை. மனநல மருத்துவர், செவிலியர், படுக்கை, கேஸ் ஷீட் என்று ஒரு ஆஸ்பத்திரியின் சித்திரம் அதில் இருந்தது. ஏர்வாடி விடுதியில் இவை எதுவுமே கிடையாது. மருத்துவர் இல்லை, மருந்து இல்லை, ஆகவே அது மருத்துவமனை இல்லை, ஆகவே யாருடைய கோப்பிலும் இல்லை. எந்த இடம் மிக மோசமாக இருந்ததோ, அது மோசமாக இருந்த காரணத்தாலேயே சட்டத்தின் கண்ணில் படாமல் போயிற்று. ஒளிந்து நடந்த தொழிலும் இல்லை இது. தர்காவுக்குப் போன எவரும் மரத்தடியில் கட்டிக் கிடந்தவர்களைத் தாண்டித்தான் போனார்கள்.

சங்கிலியின் கணக்கு

சரி, சங்கிலிக்கு வருவோம்.

மருந்தில்லாத தீவிர மனநோயாளிகள் நாற்பத்தைந்து பேரை ஓர் இரவு முழுக்கப் பத்திரமாக வைத்திருக்க என்ன வேண்டும்? சிலருக்குத் தூக்கமே வராது, எழுந்து நடப்பார்கள். சிலர் வெளியே கிளம்பிவிடுவார்கள்; ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ரோடு. ஒருவருக்கொருவர் சண்டை வரும். வலிப்பு வரும். நள்ளிரவில் நாலு பேரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் விழித்திருக்கும் ஆட்கள் வேண்டும். படுத்துக்கொண்டு 'கூப்பிட்டா எழுந்து வர்றேன்' என்று சொல்லும் ஆள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்.

ஒரு இரவு டியூட்டி பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 84 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றால், இரவில் ஒரே ஓர் ஆள் விழித்திருக்கவே கிட்டத்தட்ட இரண்டு பேருக்குச் சம்பளம் தர வேண்டும். மூன்று பேர் விழித்திருக்க வேண்டுமென்றால் சம்பளப் பட்டியலில் ஆறு பெயர். லீவு, காய்ச்சல், வேலையை விட்டுப் போவது எல்லாம் சேர்ந்தால் ஏழெட்டு. மாதாமாதம்.

சங்கிலியை ஒரு தடவை வாங்கினால் போதும்.

ஏர்வாடி விடுதியில் சங்கிலி இருந்ததற்குக் கொடூரம் ஒரு காரணமாக இருக்கலாம், பேய் நம்பிக்கை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது தினமும் செய்த வேலை, வராத ஆளுக்குப் பதிலாக இரவு டியூட்டி பார்த்தது. வேறு சில ஓட்டைகளையும் அது அடைத்தது. மருந்து கொடுத்தால் பாதிப் பேர் இரவில் தூங்கியிருப்பார்கள். மருந்து இல்லாததைச் சங்கிலி சமாளித்தது. சுற்றுச்சுவர் இல்லையா, கதவு சரியில்லையா, அதையும் சமாளித்தது. எல்லா இரவும் சமாளித்த ஒரு பொருள், தீ வந்த இரவில் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ள முடியாது. பூட்டைத் திறக்க ஆள் வேண்டும். அந்த ஆளை வேண்டாமென்றுதானே பூட்டையே வாங்கினார்கள்.

கீற்றுக் கூரையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தென்னங்கீற்று காய்ந்து போயிருந்தால் தீ மேலே ஏறுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளாது. எரியும் கீற்று கீழே இருப்பவர் மேலேயே கொட்டும். ஓட முடிந்தவர்களுக்கே அதில் அவகாசம் குறைவு. ஏர்வாடிக்குப் பிறகும் இந்தப் பாடம் ஏறவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து, 2004 ஜூலை 16-இல், கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் செத்தார்கள். அங்கே தீ தொடங்கியது சத்துணவுச் சமையல் இடத்தில். பள்ளிகளின் கீற்றுக் கூரைகளைப் பிரிக்கச் சொன்ன உத்தரவு அதன் பிறகுதான் வந்தது. மனநோயாளிகள் 28 பேர் செத்தபோது கூரையைப் பற்றி யாரும் இவ்வளவு கோபப்படவில்லை. ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் கூச்சம்.

மூடியது ஒரு வாரத்தில்

ஆகஸ்ட் 13-ஆம் தேதி, அதாவது தீ நடந்து ஏழாவது நாள், ஏர்வாடியில் இந்த மாதிரி இயங்கிய விடுதிகள் அத்தனையையும் அரசு மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். சங்கிலிகள் அறுந்தன. ஒரு பகுதியினரைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள், பலர் குடும்பங்களோடு திரும்பினார்கள். என். ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. காப்பகம் நடத்த உரிமம் கட்டாயம், யாரையும் சங்கிலியில் வைக்கக் கூடாது, மனநோயாளிகளுக்கான கவனிப்பை மேம்படுத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. காப்பகத்தை நடத்தியவருக்கும் அவருடைய மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் 2007-இல் ஏழு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

மூடியது தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் வேறு எதையும் செய்திருக்க முடியாது. ஆனால் மூடுவதைத் தரக் கட்டுப்பாடு என்று கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை. விடுதி மூடியது, விடுதியை நிரப்பிய தேவை மூடவில்லை. வீட்டுக்குத் திரும்பிய நோயாளிக்கு இரவில் யார் விழித்திருந்தார்கள்? பல வீடுகளில் அதே ஆள் பற்றாக்குறை, அதே கயிறு. அது எந்த ஆணையத்தின் கண்ணிலும் படாது.

உருப்படியாக நடந்தவையும் உண்டு, அவை மெதுவாக நடந்தன. மாவட்ட மனநலத் திட்டம் 1990-களின் பிற்பகுதியிலேயே தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கியிருந்தது. ஏர்வாடிக்குப் பிறகு ராமநாதபுரத்துக்கும் வந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்றால், பாதிச் சங்கிலி தேவைப்படாது. பிற்பாடு 'தவா–துவா' திட்டமும் ஏர்வாடிக்கு வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்பது அதன் யோசனை. குஜராத்தில் மெஹ்சானா மாவட்டம் உனாவாவில் இருக்கும் மீரா தாதார் தர்காவில் செய்து பார்த்த முறை அது. தர்காவுக்கு வருகிறவரைத் துரத்தாமல், அங்கேயே ஒரு மருத்துவரை உட்கார வைப்பது. பகுத்தறிவாளர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். எனக்குக் கசக்கவில்லை. நோயாளி எங்கே வருகிறாரோ அங்கேதான் மருந்தும் போக வேண்டும்.

'என்ன பெயரில் அழைத்தாலும்'

தீ பற்றிய பத்திரிகைச் செய்தியை வைத்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2002 பிப்ரவரி 5-இல் வந்த உத்தரவில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். பதிவு பெற்றதோ பெறாததோ, என்ன பெயரில் அழைக்கப்பட்டாலும், மனநலக் கவனிப்புத் தருவதாகச் சொல்லும் எல்லா இடங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். குறைந்தபட்சத் தரம் இருந்தால் உரிமம் கொடு, இல்லையென்றால் மறு. மறுத்தால் அந்த இடம் நின்றுபோவதையும், நோயாளிகள் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதையும் உள்ளூர்க் காவல் நிலையப் பொறுப்பதிகாரி பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம், நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று கிராமம் கிராமமாகப் பிரசாரம் செய்யவும் சொன்னது.

'என்ன பெயரில் அழைத்தாலும்' என்ற அந்த வலை பதினைந்து ஆண்டு கழித்துச் சட்டத்துக்குள்ளேயே வந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிறுவனம் என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது: மனநோயாளிகள் தங்கியிருந்து கவனிப்போ சிகிச்சையோ மறுவாழ்வோ பெறும் இடம், தற்காலிகமாக இருந்தாலும் சரி, என்ன பெயரில் இருந்தாலும் சரி. உறவினரோடோ நண்பரோடோ வாழும் வீடு மட்டும் விலக்கு. பதிவு கட்டாயம், மூன்றாண்டுக்கு ஒரு முறை தணிக்கை கட்டாயம். 95-ஆம் பிரிவு, எந்த வடிவிலும் எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

95-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் ஏர்வாடியின் உள்விஷயத்தைப் பிடித்தது 97-ஆம் பிரிவு. நோயாளியை உடல்ரீதியாகக் கட்டுப்படுத்துவது எப்போது செல்லும் என்று அது சொல்கிறது. அவருக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து, அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும். பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. தண்டனையாகக் கூடாது. நியமனப் பிரதிநிதிக்கு (நோயாளியின் சார்பில் பேசுபவர்) 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும், மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்குக் கணக்கும் போக வேண்டும். இவற்றோடு இன்னொன்று: ஆள் குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் கட்டக் கூடாது. அதை எழுதியவர்களுக்குச் சங்கிலியின் பொருளாதாரம் புரிந்திருக்கிறது.

புரிந்தால் மட்டும் போதாது என்பதும் சீக்கிரம் தெரிந்தது. 2019 ஜனவரியில் உத்தரப் பிரதேசம் பதாயூனில் ஒரு தர்கா சார்ந்த இடத்தில் நோயாளிகளைச் சங்கிலியில் வைத்திருந்த விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த ஓர் இல்லம் அகப்பட்டது. அங்கே சேர்த்த முதியவரைக் காணவில்லை என்று ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று போலீஸ் போய்ப் பார்த்தது. ஆய்வு அதிகாரி யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

எல்லாம் இருந்த ஓர் இல்லம்

இப்போது ஏர்வாடிக்கு நேர் எதிரான ஓர் இடம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்குப் பக்கத்தில் உடிங்ஸ்டன் என்ற ஊர். அங்கே ரோஸ்பார்க் முதியோர் இல்லம். கீற்று இல்லை, நல்ல கட்டடம். பதிவு இருந்தது, ஆய்வுக்கு உட்பட்டது, தீ எச்சரிக்கை மணி இருந்தது. 2004 ஜனவரி 31, விடிகாலை நாலரை மணி வாக்கில் நடைபாதையில் இருந்த ஓர் அலமாரிக்குள் தீப் பிடித்தது. மின்விநியோகப் பெட்டியும் அந்த அலமாரிக்குள்தான், எளிதில் எரியும் ஏரோசால் டப்பாக்களும் அதற்குள்தான். உள்ளே நாற்பது முதியவர்கள். இரவு டியூட்டியில் நாலு பேர். இறந்தவர்கள் 14 பேர்.

மணி அடித்தது. தீ எச்சரிக்கைப் பலகையில், எந்தப் பகுதி என்று காட்டும் விளக்கும் எரிந்தது. ஊழியர்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வேறு பக்கம் தேடப் போனார்கள். மணி அடித்ததும் தீயணைப்புத் துறைக்குப் போன் போகவில்லை. முதலில் போய்ப் பார்ப்போம் என்பதுதான் பழக்கமாக இருந்தது. போன் போக ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் புகை நடைபாதையை நிரப்பி, திறந்து கிடந்த அறைக் கதவுகள் வழியே உள்ளே போய்விட்டது. கதவு மூடியிருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள்.

கதவு ஏன் திறந்திருந்தது? முதியவர்கள் பலருக்கு மூடிய அறையில் தூங்கப் பிடிக்காது. கதவு திறந்திருந்தால் நடைபாதையில் போகிற ஊழியருக்கும் ஒரு பார்வை பார்க்க வசதி. நாலு பேர் நாற்பது பேரைப் பார்க்க வேண்டிய இரவில் திறந்த கதவு ஒரு சௌகரியம். ஏர்வாடியில் பூட்டிய சங்கிலி, ரோஸ்பார்க்கில் திறந்த கதவு. கொடுமையில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு இரவைத் தள்ளுவதற்குக் கண்டுபிடித்த வழி என்ற அளவில் இரண்டும் உறவுக்காரர்கள்தான்.

2011-இல் வந்த விசாரணை முடிவு, அந்த இல்லத்தின் தீப் பாதுகாப்பு நிர்வாகத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. முறையான ஏற்பாடு இருந்திருந்தால் சில மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்றது. வழக்குகள் மட்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்தன. இல்லத்தை நடத்தியது ஒரு கூட்டு நிறுவனம். அது கலைந்துபோய்விட்டதால் யார் மேல் வழக்குப் போடுவது என்ற கேள்வியில் எல்லாம் சிக்கிக்கொண்டது. அந்த ஓட்டையை அடைக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2013-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கலைந்துபோன கூட்டு நிறுவனத்தின் மீதும் ஸ்காட்லாந்தில் வழக்குத் தொடரலாம் என்பது அந்தச் சட்டம். ஏர்வாடியில் ஆறு ஆண்டில் தண்டனை வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களைவிட மேல்.

இரண்டு தீயும் விடிவதற்கு முன்னால் பிடித்தவை. ஆய்வு அதிகாரிகள் வருவது காலை பதினோரு மணிக்கு. கோலம் போட்டிருக்கும், போர்வை துவைத்திருக்கும், மேலாளரிலிருந்து சமையல்காரர் வரை எல்லோரும் யூனிபார்மில் நிற்பார்கள். அந்த நேரத்தில் எந்த இல்லமும் பாதுகாப்பாகத்தான் இருக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்

நம் ஊர் முதியோர் இல்லங்களிலும் மறுவாழ்வு இல்லங்களிலும் இன்றைக்குச் சங்கிலி இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். சங்கிலியின் வேலையை வேறு பொருள்கள் எடுத்துக்கொண்டிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வராந்தாவின் கிரில் கேட்டில் பூட்டு விழும். மறதிநோய் உள்ள பெரியவர் வெளியே போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. பூட்டுவதையே தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சாவி எங்கே? வாட்ச்மேன் இடுப்பில் என்றால், வாட்ச்மேன் எங்கே படுக்கிறார்? கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? மாடியில் படுக்கையில் கிடக்கும் அம்மாவைக் கீழே தூக்கிவர எத்தனை பேர் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு அத்தனை பேர் கட்டடத்தில் இருக்கிறார்களா? கட்டிலின் இரு பக்கமும் உயர்த்திய கம்பி, நாற்காலியில் இடுப்பைச் சுற்றிய துணி, சாயங்காலமே கொடுத்துவிடும் தூக்க மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் மருத்துவக் காரணம் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

என்னைக் கேட்டால், தரப் பட்டியலில் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதியைப் பிடுங்கி இரவுக்குக் கொடுப்பேன். தங்கியிருப்பவர்களில் தானே நடப்பவர் யார், கைத்தாங்கலாக நடப்பவர் யார், தூக்க வேண்டியவர் யார் என்ற பட்டியல் சுவரில் இருக்கிறதா. அது இந்த மாதப் பட்டியலா, இறந்துபோனவர் பெயரும் இருக்கிறதா? தீயணைப்பானில் தொங்கும் அட்டையில் கடைசித் தேதி என்ன? தீயணைப்பு ஒத்திகையைக் கடைசியாக நடத்தியது பகலிலா இரவிலா? இரவு ஊழியர் மட்டும் இருக்கும்போது நடத்தாத ஒத்திகை போட்டோ எடுக்கத்தான் உதவும். ரோஸ்பார்க்கில் பலகையைப் படிக்கத் தெரியாமல்தான் நேரம் போனது. ஆகவே இரவு அட்டெண்டரைக் கூப்பிட்டு, 'இந்த விளக்கு எரிந்தால் எந்த அறை?' என்று நேராகக் கேட்பதில் தப்பே இல்லை.

அப்பாவையோ அம்மாவையோ சேர்க்க இடம் தேடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. சேர்ப்பதற்கு முன் ஒரு தடவையாவது ராத்திரி பத்து மணிக்கு மேல் போய் மணி அடித்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் பூட்டுத் திறக்கிறது என்று பாருங்கள். உள்ளே விட மாட்டோம், பார்வை நேரம் ஐந்து மணியோடு சரி என்றால், அதுவும் நியாயம்தான், தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது. மறுநாள் பகலில் போய் இரவு டியூட்டி ரிஜிஸ்டரைக் கேளுங்கள். ஒரு மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால் போதும். ஒவ்வொரு இரவும் எத்தனை கையெழுத்து, ஒரே ஆள் தொடர்ந்து எத்தனை இரவு, பகலில் பார்த்த அதே பெயர் இரவிலும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அந்த நோட்டைக் காட்டாத இல்லத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.